கட்டிக் காப்போர்



கணிப்பொறி என்றால் திரையும் விசைப்பலகையுமாய் மேசைமேல் அமர்ந்திருப்பது ஒன்றுதான் என்று நாம் எண்ணுகிறோம். வீட்டு வைஃபை பெட்டிக்குள்ளும் ஒரு கணிப்பொறி உண்டு. 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் நம் மாவட்டத்து மீனவர் பலரை, கரையின் செய்தி எட்டாத ஆழ்கடலில் பிடித்துக்கொண்டதை நாம் அறிவோம். அதன் பின்னர் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வரும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்குள்ளும் ஒன்று உண்டு. இத்தகைய கருவிகளின் மென்பொருளை எப்படிக் கட்டுகிறார்கள், கட்டியபின் யார் காக்கிறார்கள் என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தது நம் பள்ளியின் பழைய மழைமானிதான்.

அதனை 2019-இல் படித்த அக்காமார் அறிவியற் கண்காட்சிக்காகச் செய்தனர். மழைநீர் நிறைந்ததும் சிறு கிண்ணம் ஒன்று கவிழும்; எத்தனை முறை கவிழ்ந்தது என்பதை ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறி எண்ணும். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் பெய்யும் மழையை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் எண்ணம். நாங்கள் அதை எடுத்துத் துடைத்து மின்சாரம் கொடுத்தபோது அது விழிக்கவே இல்லை. நினைவு அட்டை பழுதாகியிருந்தது. அக்காமாரின் நோட்டுப் புத்தகம் மட்டும் கிடைத்தது. அதில் நிரல் முழுவதும் இருந்தது. அதன் கீழே "பில்ட்ரூட் கொண்டு கட்டினோம்" என்று ஒரே வரி. எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை!

பில்ட்ரூட் என்பது எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள். யூசிலிப்சி என்னும் நிரல் தொகுப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக, அதை எழுதியவர்களே 2001-இல் இதைத் தொடங்கினார்கள். சமையற் குறிப்பு நூல் போன்றது இது. இன்ன கருவி, இன்னின்ன மென்பொருள்கள் வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றின் மூலநிரலையும் அதுவே இணையத்திலிருந்து இறக்கி, கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கொண்டு சரிபார்த்து, வேண்டிய திருத்தங்களை ஒட்டி, எல்லாவற்றையும் கட்டி, நினைவு அட்டையில் எழுதத்தக்க ஒரே கோப்பாகத் தந்துவிடும். கட்டுவது பெரிய கணிப்பொறியில், ஓடுவது சிறிய கருவியில். வள்ளத்தைக் கரையில் கட்டிக் கடலில் இறக்குவதில்லையா, அதுபோல. எங்கள் ஆய்வறைக் கணிப்பொறிக்கு இவ்வேலை முடிய மூன்று மணி நேரம் பிடித்தது.

தொடக்க ஆண்டுகளில் பில்ட்ரூட்டுக்கு முறையான வெளியீடு என்று ஒன்று இல்லை. அன்றன்று இருந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2009-இல் பீட்டர் கோர்ஸ்கார்டு என்பவர் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு பிப்ரவரியில் 2009.02 என்ற முதல் வெளியீடு வந்தது. அது முதல் பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் என மூன்று மாதத்துக்கு ஒன்று வருகிறது. இதிலுள்ள மென்பொருள்கள் 2,000-க்கும் மேல். அவற்றை எழுதியவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். ஒருவர் ஒரு வரி மாற்றினால் வேறெங்கோ ஒன்று உடையும். ஆகையால் சில கணிப்பொறிகள் இரவும் பகலும், குருட்டாம்போக்கில் ஏதேனும் சில மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உடைந்தால், அந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவருக்கு அஞ்சல் போகும். யார் எதற்குப் பொறுப்பு என்ற பெயர்ப் பட்டியலும் பில்ட்ரூட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் வகுப்புச் சுவரில் கரும்பலகை துடைப்பவர் பட்டியல் தொங்குவது போலத்தான். ஆனால் இங்கே பெயர் கொடுப்பவர்கள் தாமே முன்வந்து கொடுக்கிறார்கள்.

நாங்கள் 2025.02 பதிப்பைக் கொண்டு கட்டினோம். கட்டியது, ஆனால் மழைமானி ஓடவில்லை. அக்காமாரின் நிரல் பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. 2020 சனவரி முதல் நாளோடு பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது. பின்னர் பில்ட்ரூட்டிலிருந்தும் அதை நீக்கிவிட்டார்கள். நன்றாக ஓடியதை ஏன் எடுத்தார்கள் என்று எங்களுக்குக் கோபமே வந்தது. கணிப்பொறி ஆசிரியைதான் விளக்கினார்: ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லாத மென்பொருளைக் கொடுத்துக்கொண்டே இருப்பது, அதை நம்பிக் கருவி செய்பவரை ஏமாற்றுவதாகும். பிறகு நாங்களே உட்கார்ந்து நிரலைத் திருத்தினோம். பிரிண்ட் கட்டளைகளுக்கு அடைப்புக்குறி போட்டோம். அப்போது ஒரு வேடிக்கை! இரண்டு நாளில் 25 மில்லிமீட்டர் பெய்தால் நாள் சராசரி 12 என்று பழைய நிரல் காட்டியிருக்கும். பைத்தான் 2 முழு எண்களை வகுக்கும்போது பின்னத்தை விட்டுவிடும். இப்போதுதான் 12.5 என்று சரியாகக் காட்டுகிறது.

காப்பவர் சோர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், பில்ட்ரூட்டிலும் உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பெரும்பாலும் தனியாளாக அதைக் காத்துவந்தார். அவர் களைத்திருந்த வேளையில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். இரண்டாண்டுக்கு மேலாக நல்ல வேலையே செய்து நம்பிக்கை பெற்று, 2024-இல் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். அதைத் திறந்துவிடும் வரிகளை வைத்த இடம், மென்பொருளைக் கட்டும் கட்டளைகளுக்குள். கைரேகை எண்ணால் இதைப் பிடிக்க முடியாது. முத்திரை உடையவில்லை, முத்திரை இடுபவரே மாறிவிட்டார். தொலைவிலிருந்து தம் கணிப்பொறிக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்ற பொறியாளர், ஏன் என்று துருவிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. குறிவைக்கப்பட்டவை பெரிய கணிப்பொறிகளே. ஆயினும் அரை நொடிதானே என்று அவர் விட்டிருந்தால் எத்தனை கணிப்பொறிகளின் கதவு திறந்து கிடந்திருக்கும்!

இப்போது மழைமானி ஆய்வறைச் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. புதிய நோட்டின் முதல் பக்கத்தில் "பில்ட்ரூட் 2025.02, பைத்தான் 3" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். அதன் கீழே ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இருவர் தம் பெயரை எழுதியுள்ளனர். மூன்றாவது பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம்.

பத்தாம் வகுப்பு மாணவி