அசையாமல் ஆடும் ஆட்டம்

பாபநாசம்



ஒரு தலைப்பை அறிவித்து, 48 மணி நேரம் போன்ற குறுகிய கெடுவுக்குள் ஒரு கணினி விளையாட்டை முதலிலிருந்து முடிவுவரை உருவாக்கச் சொல்லும் கூடுகையைக் கேம் ஜாம் என்பர். 2002-இல் தொடங்கிய லூடம் டேர் இவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. 2009 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் குளோபல் கேம் ஜாம், பல நாட்டினரை ஒரே தலைப்பின்கீழ் உழைக்க வைக்கிறது. இத்தகைய கூடுகைக்கு ஒளிந்து பிழைக்கும் விளையாட்டொன்றைச் செய்ய விரும்பும் மாணவர், களம் தேடி வேற்று நாட்டுக் கோட்டைகளுக்கும் விண்கலங்களுக்கும் போக வேண்டியதில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைச்சாலையின் இருபுறமும் விரியும் முண்டந்துறைக் காட்டிலேயே அதற்கான இலக்கணம் இருக்கிறது.

எதிரியை வெல்வதை விட்டு, அவன் கண்ணுக்கும் காதுக்கும் தப்புவதையே ஆட்டமாக்குவது ஸ்டெல்த் எனப்படும் ஒளிந்தாடும் வகை. பசியைப் போலத் தீராமல் அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தணித்துத் தணித்து உயிரைக் காத்துக்கொள்ளச் செய்வது சர்வைவல் எனப்படும் பிழைப்பு வகை. இரண்டையும் தனித்தனியே செய்து ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரியும். பசிக்கு வழி தேடுவதே ஒளிவைக் கெடுக்கும்படி வாழும் ஓர் உயிரைக் கண்டுகொண்டால், வடிவமைப்பில் பாதி முடிந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறையில் அத்தகைய உயிர் ஒன்று வாழ்கிறது, அதுவே சருகுமான். பெயரில் மான் இருந்தாலும் கொம்பில்லாத, மான் குடும்பத்தைச் சேராத விலங்கு அது; ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள அதுவே இந்தியக் குளம்பு விலங்குகளில் மிகச் சிறியது. உடலில் உள்ள வெண்புள்ளிகளும் கோடுகளும் சருகின்மேல் விழும் வெளிச்சத் துணுக்குகளோடு கலந்துவிடுவதால், ஆபத்து வரும்போது அது முதலில் ஓடுவதில்லை, உறைந்து நின்றுவிடுகிறது. ஆனால் அது விரும்பித் தின்னும் பழங்கள் உதிர்ந்து கிடப்பதும் சருகின்மேல்தான். பசி காலை முன்னே இழுக்க, காலடியோசை அதைக் காட்டிக்கொடுக்க, இடையில் நிற்கிறது அந்தச் சிற்றுயிர்.

பெரும்பாலான விளையாட்டுகளில் பொத்தானை அழுத்துவதே திறமை. இங்கே பொத்தானிலிருந்து விரலை எடுப்பது திறமையாக வேண்டும். 48 மணி நேரத்தில் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் இந்த ஒன்றுக்கே பணிசெய்ய வேண்டும். குறைவான கூறுகளைக் கண்டு மாணவர் அஞ்சத் தேவையில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் தவிர வேறெதுவும் இல்லை; புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வழிமறிப்பது மட்டுமே இயலும், எனினும் தலைமுறை தலைமுறையாக அது சலிக்கவில்லை. 1987-இல் ஹிடியோ கோஜிமா வடிவமைத்த மெட்டல் கியரும், பல எதிரிகளையும் குண்டுகளையும் ஒருசேரத் திரையில் காட்ட இயலாத எம்.எஸ்.எக்ஸ்.2 கணினியின் வரம்பிலிருந்தே, சண்டையைத் தவிர்த்து ஒளிந்து செல்லும் ஆட்டமாக உருப்பெற்றது. ஆகவே ஒரு சருகுமான், ஒரு சிறுத்தை, ஒரு திரை அளவுக் காடு, ஓர் இரவு என்பனவே போதும்.

ஒலியே இதன் உயிர்நாடி என்பதால் அதற்கு நேரம் தாராளமாக ஒதுக்க வேண்டும். திரையைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, நடந்தால் 2 கட்டத் தொலைவும் ஓடினால் 5 கட்டத் தொலைவும் ஓசை பரவுவதாகவும், காய்ந்த சருகில் அது இருமடங்காவதாகவும், ஆற்றோர ஈரமணலில் பாதியாவதாகவும் விதி வகுக்கலாம். நின்றால் ஓசை இல்லை. தரைக்கேற்ப காலடியோசை மாறும் இம்முறையை 1998-இல் வெளிவந்த தீஃப் என்னும் விளையாட்டு அழகுறக் கையாண்டது. ஓசையைப் பதிவுசெய்யக் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஊரிலுள்ள தேக்கு மரத்தடியில் கைபேசியை வைத்து, முழுக்காலை ஊன்றி ஒருமுறையும், நுனிவிரலை மெல்ல அழுத்தி ஒருமுறையும் சருகை மிதித்தால், முதலாவதில் மொறுக்கென்று உடையும் ஓசையும் இரண்டாவதில் நரம்பு வளையும் மெல்லிய கிறீச்சொலியும் தனித்தனியே கேட்கும். அவ்விரு ஓசைகளே ஓட்டத்துக்கும் நடைக்கும் உரியவை.

சிறுத்தையின் போக்கை ஸ்டேட் மெஷின் என்னும் நிலைமாற்ற அமைப்பால் எழுதலாம். எந்நேரமும் திரிதல், செவிசாய்த்தல், தேடுதல், பாய்தல் ஆகிய நான்கில் ஒரே நிலையில் மட்டும் அது இருக்க, குறித்த நிகழ்ச்சி நேரும்போது அடுத்த நிலைக்கு மாறுவதே இவ்வமைப்பு. அதன் கண்ணிலிருந்து விரியும் பார்வைக்கூம்புக்குள் சருகுமான் அசையும்போது, இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு இழுத்து மரம் மறைக்கிறதா என்று சோதிக்கும் ரேகேஸ்ட் என்ற முறையும் உடன் தேவைப்படும். சிறுத்தை நெடுந்தொலைவு துரத்தும் விலங்கன்று, பதுங்கி நெருங்கிக் குறுகிய தூரம் பாய்வது. எனவே பாய்ச்சல் தவறினால் சில நொடிகளில் அது கைவிட்டுவிடுவதாக எழுதுவது இயற்கைக்கும் பொருந்தும், ஆடுபவருக்கும் மறுவாழ்வு தரும். அதைவிட முக்கியமானது, பிடிபட்டவருக்குத் தாம் ஏன் பிடிபட்டோம் என்பது விளங்குவது. செவி நிமிர்ந்த பின் ஒரு நொடியேனும் இடைவெளி விட்டுச் சிறுத்தை திரும்பாவிட்டால், ஆட்டம் அநீதியாகத் தோன்றும்.

திரைக்கு வெளியே சிறுத்தை எங்கே வருகிறது என்று அம்புக்குறி இட்டுக் காட்டுவது எளிது. ஆனால் காடு அதைவிடச் சிறந்த வழியை வைத்திருக்கிறது. மரத்திலிருக்கும் கருமந்தியும் தரையிலிருக்கும் புள்ளிமானும் சிறுத்தையைக் கண்டவுடன் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அக்குரல் இடப்புறமோ வலப்புறமோ எந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் கேட்கிறதோ அந்தப் பக்கமே ஆபத்து. எழுத்தில் ஒரு விளக்கமும் இன்றி ஆடுபவர் இதைத் தாமே கற்றுக்கொள்வார்.

கருவியாகக் கட்டணமில்லாத, மூலநிரல் திறந்த கோடோ என்ஜின் போதுமானது. அதன் நான்காம் பதிப்புக்கு முந்தையவை தமிழ் எழுத்துகளைச் சரிவரக் கோக்காமல், கொம்பை எழுத்துக்குப் பின்னால் காட்டிவிடும் என்பதால், புதிய பதிப்பையும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவையும் முன்கூட்டியே நிறுவி, ‘கொ’ என்று தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல்வழி சொன்ன வெண்பா என்னும் விளையாட்டு, டொராண்டோவிலிருந்து 2023-இல் வெளிவந்து உலகெங்கும் ஆடப்பட்டது. எனவே சருகுமான் என்ற பெயரையே தலைப்பாக வைக்கத் தயங்க வேண்டாம்.

முதல் நாள் இரவுக்குள், ஓவியம் எதுவுமின்றி வெறும் சதுரங்களை வைத்தே ஆட்டம் ஓட வேண்டும். முன்மாதிரி எனப்படுவது அதுவே. மறுநாள் மாலை, விளையாட்டை முன்பே கண்டிராத தம்பியையோ தங்கையையோ ஆடவிட்டு, பக்கத்தில் அமர்ந்து வாய் திறவாமல் பார்க்க வேண்டும். எங்கே பிடிபடுகிறார்கள், எங்கே சலிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு தொலைவுகளையும் இடைவெளிகளையும் மட்டும் திருத்தினால் போதும். கருமந்தி குரல் கொடுத்ததும் அக்குழந்தையின் விரல் தானாகப் பொத்தானை விட்டெழுந்து, மூச்சும் ஒரு கணம் நின்றால், மீதமுள்ள நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காமல் கோப்பைப் பதிவேற்றிவிடலாம்.