கணுக்கால் பிசகும் எக்ஸ்றே படமும்



தோட்டத்தில் யாருக்காவது கால் பிசகினால் முதலில் காதில் விழும் பேச்சு, "அது சுளுக்குத்தான், பத்துப் போட்டாச் சரி" என்பதுதான். அநேகமான நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எலும்பு உடைந்த காலைச் சுளுக்கென்று எண்ணி நாட்கூலிக்குப் பயந்து நடந்து திரிந்தால், பிறகு தென்னையில் ஏறவும் முடியாது, வரம்பில் நடக்கவும் முடியாது.

முதலில் பாதத்தைத் தெரிந்துகொள்வோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். விரல்களில் 14, அவற்றுக்குப் பின்னால் நீண்டு கிடப்பவை 5, பின்பாதியில் 7. அந்த ஏழில் பெரியது குதிகால் எலும்பு. அதன் மேல் குந்தியிருப்பது கணு எலும்பு. முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் இறங்கி வந்து, உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இந்தக் கணு எலும்பைக் கவ்விப் பிடிக்கின்றன. தச்சர் துளையும் கழுந்தும் வைத்துப் பொருத்துவது போலத்தான். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் மொளிகள் அந்த எலும்புகளின் முனைகளே.

எக்ஸ்றே கதிரை 1895 நவம்பர் 8 அன்று ஜேர்மனியில் றொன்ட்ஜன் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்தார். படத்தில் நாம் பார்ப்பது எலும்பின் நிழல். விளக்கு வெளிச்சத்தில் கையைச் சுவரில் காட்டினால், திருப்பத் திருப்ப நிழல் மாறும் அல்லவா? அதனால்தான் கணுக்காலுக்கு ஒரு படம் போதாது. மல்லாக்க இருத்தி, பெருவிரல் மேலே பார்க்க ஒரு படம். அதில் வெளிப்பக்க எலும்பின் நிழல் மற்றதன் மேல் விழுந்து மறைக்கும். ஆகவே முழுக்காலையும் 15 முதல் 20 பாகை உள்ளே திருப்பி இரண்டாவது படம். இப்போது இரண்டு மொளிகளும் ஒரே மட்டத்துக்கு வரும். கணு எலும்பைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் பொருத்து விலகிவிட்டது என்று டொக்டர் கண்டுகொள்வார். மூன்றாவது, பக்கவாட்டுப் படம். திருப்பும்போது நோகும்தான். படம் எடுப்பவர் வேண்டுமென்று நோவிக்கவில்லை. கால் அசைந்தால் படம் கலங்கி இன்னொருக்கா எடுக்க வரும்.

எல்லாப் பிசகுக்கும் எக்ஸ்றே தேவையா? இல்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் 1992 இல் ஒரு விதி வகுத்தார்கள். பல நாடுகளில் வைத்தியர்கள் அதைப் பார்க்கிறார்கள். மொளிப் பக்கம் நோவு இருந்து, மொளியின் பின்விளிம்பையோ நுனியையோ அமத்தினால் எலும்பிலேயே நோகிறதா? விழுந்தவுடனும், பிறகு ஆஸ்பத்திரியிலும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடியாமல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். நடுப்பாதம் நொந்தால், சின்னவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளிவிளிம்பில் முட்டும் எலும்பையும், உட்பக்கம் வளைவின் மேலுள்ள எலும்பையும் அமத்திப் பார்ப்பார்கள். வீக்கம் பெரிது, ஆகவே முறிவு என்று சொல்ல ஏலாது. வீக்கம் சிறிது, ஆகவே பயமில்லை என்றும் சொல்ல ஏலாது.

குடித்திருப்பவருக்கும், காலில் உணர்ச்சி குறைந்தவருக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. நோவு தெரியாதவரிடம் நோகிறதா என்று கேட்டு என்ன பயன்? நமது வாவியின் மாந்தீவில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை அமைந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1946 இல் வேலூர் வைத்தியசாலைக்கு வந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அந்த நோயாளரின் கைகால்கள் கெடுவதற்குப் பெருங்காரணம் உணர்ச்சி போனபின் தெரியாமல் படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். இன்று அதே ஆபத்து நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கு இருக்கிறது. அவர்களுடைய பாதம் நோவில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே எலும்பு நொருங்கியிருக்கலாம். உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தென்னந்தோட்டத்தாருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது குதிகாலைப் பற்றி. உயரத்திலிருந்து விழுந்து காலூன்றியவருக்கு உடம்பின் பாரம் முழுக்க குதிகால் எலும்பில் இறங்கி, முட்டை நசிவது போல் அது நசியும். பக்கவாட்டுப் படத்தில் அந்த எலும்பின் மேற்பக்கத்தில் ஒரு கோணம் அளப்பார்கள். 20 முதல் 40 பாகை வரை இருப்பது வழமை. நசிந்தால் அது குறையும். அதே அடி முள்ளந்தண்டுக்கும் ஏறும். ஆகையால் மரத்தால் விழுந்தவர் "குதிதான் நோகுது" என்று சொன்னாலும், மற்றக் குதியையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவரை எழுப்பி நடத்திப் பார்க்க வேண்டாம். பலகையில் கிடத்தியே கொண்டுபோங்கள்.

படம் எடுக்கப் போகும்போது தண்டை, மிஞ்சி, காலில் கட்டிய தாயத்து எல்லாம் கழற்றிவிடுங்கள். பத்துப் போட்டிருந்தால் கழுவிவிட்டுப் போங்கள், அதுவும் நிழல் போடும். பாதத்துக்கான கதிரின் அளவு மிகச் சிறியது. இயற்கையாக ஒரு நாளில் நம்மேல் படுவதிலும் குறைவு. என்றாலும் கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைக்கும் தங்கச்சிமார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வேலையில் விழுந்தவருக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கேட்கும் உரிமை உண்டு. அங்கே படமும் ஒரு சாட்சி. படத்தில் உங்கள் பெயர், திகதி, வலதா இடதா என்ற அடையாளம் மூன்றும் சரியா என்று பாருங்கள். படத்தை மடிக்காமல், வெயிலிலும் ஈரத்திலும் படாமல் வையுங்கள். கணினியில் எடுத்திருந்தால் பிரதி கேட்டு வாங்குங்கள். விழுந்த அன்றே தோட்டக் காரியாலயத்தில் எழுதிப் பதியுங்கள். எழுத இயலாதவர்கள் என்னிடம் வந்தால் நான் எழுதித் தருவேன்.