பகை துணையான கதை

மாணவர்களே, செல்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலை ஒரே வழியில் உங்களை அடைவதில்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பிப் பல வழிகளிலும் வருகிறது. 2000 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 செ.மீ. இரு வழிகளின் நீளம் 7.5 செ.மீ. வேறுபட்டால், ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து அலை நலிந்துவிடும். இதைப் பொறியியலார் நெடுங்காலம் பகையாகவே கருதினர்.

இப்போது கோபுரத்திலும் கருவியிலும் இரண்டிரண்டு ஆன்டெனாக்களை வைப்போம். கோபுரம் க, ச என்னும் இரு செய்திகளை ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் அனுப்புகிறது. கருவியின் ஆன்டெனாக்களில் அவை கலந்தே விழும். ஒன்றில் 2க + ச = 7; மற்றதில் க + ச = 5 என்க. க = 2, ச = 3 எனப் பிரித்துவிடலாம் அல்லவா? 2, 1 போன்ற கெழுக்களை, முன்பே தெரிந்த சைகைகளை அனுப்பிக் கருவி அறிந்துகொள்கிறது.

வழிகள் யாவும் ஒன்றுபோல் இருந்தால் இரு சமன்பாடுகளும் ஒன்றாகிவிடும், விடை கிடைக்காது. வழிகளை வேறுபடுத்தித் தருபவை அந்தக் கட்டடங்களே!

பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் இம்முறையை வகுத்து, 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். 4ஜி, 5ஜி செல்பேசிகள் இம்முறையைப் பயன்படுத்துகின்றன.

நான்கு செய்திகளைப் பிரிக்க எத்தனை ஆன்டெனாக்கள் வேண்டும்? சிந்தித்துப் பாருங்கள்.