பெரிய நாய்க்குட்டி வீட்டுக்கு வருமுன்

கைக்குள் அடங்கும் குட்டியைப் பார்த்து யாரும் கணக்குப் போடுவதில்லை. ராஜபாளையமோ ஜெர்மன் ஷெப்பர்டோ, எட்டு மாதத்தில் இருபது கிலோவைத் தாண்டி, எதிரே வரும் ஆளைத் தள்ளிவிடும் வலுவோடு நிற்கும். குஜிலியம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் காவலுக்கென்று இப்படியொரு குட்டி கேட்பவர்கள், ஓராண்டு கழித்து வாசலில் நிற்கப்போகும் நாயை நினைத்தே ஏற்பாடு செய்யவேண்டும்.

முதலில், பகலில் வீட்டில் இருப்பது யார் என்று பாருங்கள். வேடசந்தூர் மில் வேனில் காலையில் ஏறிப் போகிறவர் குட்டி வாங்க ஆசைப்படுவார். வளர்ப்பது பாட்டியாக இருக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை தீனி வைக்கவேண்டும். வளர்ந்த நாய் ஒரு பூனையைக் கண்டு கயிற்றை இழுத்தால் பாட்டியின் இடுப்பெலும்பு என்னாவது? அவரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இனம். சித்திரை வெயிலில் மனிதனே திண்ணையை விட்டு இறங்காத ஊர் இது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு நாய்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையே சொன்னது. படத்தில் பார்த்த அழகுக்காக அவற்றைத் தேடுவது வீண் செலவு, நாய்க்கோ சித்திரவதை.

நம் பக்கத்து நாய்களிலேயே தேர்வுக்கு இடமுண்டு. ராஜபாளையம் காவலுக்கு நல்லது. ஆனால் ஓரிருவரோடு மட்டும் ஒட்டும், அந்நியரைச் சகிக்காது. தினமும் பத்துப் பேர் வந்துபோகும் கடைவீட்டுக்கு அது வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடம்பும் குட்டை முடியும் கொண்டவை. வெயிலைத் தாங்கும், ஓட இடம் கேட்கும். ஓடுகிற எதையும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு வீடு ஆடு உண்டு என்பதால், குட்டியாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்து ஆட்டுப்பட்டிக்கு அருகில் தினமும் நிறுத்திப் பழக்குங்கள். மூன்றரை மாதத்துக்குள் பழகியது நிலைக்கும். பக்கத்து வீட்டு வெள்ளாட்டைக் கடித்த பிறகு பழக்குவது பஞ்சாயத்தில்தான் முடியும்.

துரத்தாமல் பழக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அவிழ்த்துவிட்ட நாய் இரவில் காட்டோரம் திரிவது அங்குள்ள உயிர்களுக்கு ஆபத்து. நாயை வைத்து முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘எங்க தாத்தா காலத்துல இருந்து பிடிக்கிறோம்’ என்பதெல்லாம் வழக்கில் நிற்காது.

இனி இடம். தகரக் கொட்டகை நிழல்போலத் தெரியும், மதியம் அடுப்பாகிவிடும். வேப்பமரத்தடியோ தென்னங்கீற்றுக் கொட்டகையோதான் சரி. தண்ணீர்த் தொட்டி கனமாக, குட்டி கவிழ்க்க முடியாததாக இருக்கட்டும். சிப்பிப்பாறைக்கு இடுப்பளவுச் சுவர் ஒரு தடையே இல்லை; ஆள் உயர வேலி போடுங்கள். தோட்டத்தில் மொட்டைக் கிணறு இருந்தால் குட்டி வருவதற்கு முன்பே சுற்றுச்சுவரோ வலையோ வேண்டும். எலி மருந்தையும் பூச்சிக்கொல்லி டப்பாக்களையும் பரண்மேல் ஏற்றுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் குட்டி சறுக்கிச் சறுக்கி நடந்தால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். படுக்கும் இடத்தில் ஒரு சாக்காவது விரியுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்கத்தான் எண்ணம் என்றால் வாங்காதீர்கள். அப்படி வளர்ந்த நாய் முரடாகும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் ஆளைப் பார்த்துப் பதுங்கினாலோ சீறினாலோ குட்டியும் அப்படி வர வாய்ப்புண்டு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்பது மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதி. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்கவேண்டும். முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து நீட்டுபவரிடம் பேரம் பேசவே வேண்டாம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். குட்டி தனியாக இருக்கும்போது, அது பார்க்காத பக்கத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். திரும்புகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள்.

தீனி விஷயத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. முப்பது கிலோ நாய்க்கு உலர்தீனி நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம், மாதம் 12 கிலோ. இன்றைய கடை விலையால் பெருக்கி, அது மளிகைக் கணக்கில் அடங்குமா என்று பாருங்கள். வீட்டுச் சாப்பாடும் போடலாம். ஆனால் பால் சோறு, தயிர் சோறு மட்டும் போதாது. முட்டை, கோழி, குடல் என்று புரதம் சேரவேண்டும். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

‘எலும்பு பலமாகட்டும்’ என்று கால்சியம் டானிக் ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பெரிய இனக் குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. எல்லாம் உடம்பில் ஏறி எலும்பு கோணலாகும். கொழுகொழுவென்று வேகமாக வளர்ப்பதும் மூட்டைக் கெடுக்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவு மெலிவாக இருப்பதே நல்லது. பெரியதான பின் ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், அகன்ற நெஞ்சுள்ள நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரே போகும்.

மருத்துவரை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்த் தடுப்பூசி என்றைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். சிக்கலான நோய் என்றால் கரூர் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்; வண்டி ஏற்பாட்டை இப்போதே யோசியுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். பூச்சி மருந்தும் மறக்கக்கூடாது. ஊசிகள் முடியும்வரை தெருநாய் திரியும் இடத்தில் குட்டியை இறக்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். உண்ணியை வெறும் அரிப்பு என்று விட்டால் ரத்தக் காய்ச்சல் வரும். காதுமடல், விரலிடுக்கு இரண்டையும் தினமும் தடவிப் பாருங்கள்.

கொண்டுவர ஏற்ற மாதம் தை. தீபாவளி வெடி ஓய்ந்திருக்கும், கோடைக்குமுன் குட்டி தேறிக்கொள்ளும். முன்பிருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் இரண்டு நாள் கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள்.