அண்ணியின் கேள்விகள்: திறந்த விமானத்தில் முதல் பாடம்

அண்ணனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, லண்டனில் வேலை பார்க்கும் அவர் மகள் ஒரு பரிசுச்சீட்டு வாங்கியிருந்தாள். மேலே துணி இறக்கை, கீழே மூன்று சக்கர வண்டி, சுற்றிலும் சுவரோ கூரையோ இல்லாத மைக்ரோலைட் விமானத்தில் ஒரு மணி நேர முதல் பாடம். சீட்டைப் பிரித்த நிமிடத்திலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்கதான் இதைக் கத்துக்கறீங்களே, உண்மையைச் சொல்லுங்க. நடுவானத்துல இஞ்சின் நின்னுட்டா இவரு கதி என்ன?"

நியாயமான கேள்வி. மூன்று கோடைகளாக நான் போய்வரும் விமானக் களத்தில், முதல்முறை வருகிற ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த விமானத்தில் பயப்பட வேண்டியவை உண்டு. ஆனால் மக்கள் பயப்படுவது வேறு இடங்களைப் பார்த்து.

நம்பிக்கை: இஞ்சின் நின்றால் கல்லைப் போல விழும்.

விழாது. இஞ்சினின் வேலை விமானத்தை முன்னே தள்ளுவது. தூக்கிப் பிடிப்பது இறக்கையின்மேல் ஓடும் காற்று. இஞ்சின் நின்றால், இருக்கிற உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே இறங்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்த வண்டி ஓரடி இறங்குவதற்குள் ஏழெட்டு அடி முன்னே போகும். ஆயிரம் அடியில் இஞ்சின் அணைந்தாலும் இரண்டு கிலோமீட்டர் மிதக்கலாம் என்று கணக்கு. மெதுவாக வந்து இறங்கும் வண்டி என்பதால் நல்லதொரு புல்வெளி போதும். பயிற்றுநர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், கண் மட்டும் கீழே இறங்கத் தோதான வயலைத் தேடிக்கொண்டிருக்கும். இஞ்சினை அடக்கி வைத்து இறங்கிப் பழகுவது பாடத்திட்டத்திலேயே உள்ள பயிற்சி.

'ஸ்டால்' என்ற சொல் இதில் குழப்பத்தைக் கூட்டுகிறது. கார் ஓட்டுபவருக்கு அது இஞ்சின் அணைவது. விமானத்திலோ அது இறக்கையைப் பற்றிய சொல். வேகம் குறைந்து மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். தூக்கும் சக்தி அப்போது சட்டென்று குறையும். இஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் இது நடக்கலாம். ஆகவே முதல் நாளிலிருந்தே சொல்லித்தரப்படுவது வேகத்தைக் காப்பது.

நம்பிக்கை: துணி இறக்கை கிழிந்துவிடும், இது வெறும் விளையாட்டுச் சாமான்.

களத்தில் அண்ணி இறக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது குடைத்துணி மாதிரி இருக்கே" என்றார். அது பாய்மரப் படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் துணி, உள்ளே அலுமினியக் குழாய்ச் சட்டம். இந்த இறக்கையின் மூதாதை அமெரிக்கர்களான பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி ஜெர்ட்ரூடும் 1948இல் உருவாக்கிய வளையும் இறக்கை. வீட்டு மின்விசிறியை வைத்துக் காற்றுச்சுரங்கம் அமைத்து, சமையலறைத் திரைச்சீலைத் துணியில் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பிற்பாடு விண்கலத்தைத் தரையிறக்க இதைப் பயன்படுத்தலாமா என்று நாசாவே ஆராய்ந்தது. அதிலிருந்து ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் ஹேங்கிளைடர் வந்தது, அதன் கீழே இஞ்சின் வைத்த வண்டியைத் தொங்கவிட இந்த ட்ரைக் வந்தது. 1998இல் பிரையன் மில்டன் என்ற ஆங்கிலேயர் இப்படியொரு துணி இறக்கை வண்டியில் 120 நாளில் உலகைச் சுற்றிவந்தார்.

துணிக்கு உண்மையான எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நூல் நைந்துபோகும். அதற்கும் சோதனை உண்டு. ஆய்வாளர் சிறிய ஸ்பிரிங் தராசு போன்ற ஒரு கருவியை எடுத்து, அதன் ஊசியைத் துணியில் குத்தி, குறிப்பிட்ட விசை வரும்வரை இழுப்பார். துளை நீளாமல் நின்றால் துணி தேறியது. தையல்களையும் அப்படியே இழுத்துப் பார்ப்பார். இந்தச் சோதனையை நேரில் பார்த்த நாளில்தான் என் மனதிலிருந்த துணிப் பயம் போனது.

நம்பிக்கை: பைக் ஓட்டத் தெரிந்தால் போதும், கைப்பிடியைத் திருப்புவது போலத்தான்.

எல்லாவற்றிலும் தவறான நம்பிக்கை இதுதான். அண்ணனும் இப்படித்தான் நினைத்தார், "நாற்பது வருஷமா பைக் ஓட்டறேன்" என்றார்.

முன்னால் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் திரும்பும். உடம்பை நோக்கி இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும், முன்னே தள்ளினால் மூக்கு தூக்கி வேகம் குறையும். சாதாரண விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டுக்கு இவை அனைத்தும் நேர் எதிர். தரையில் ஓடும்போதும் அப்படியே: இடது காலை முன்னே உந்தினால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும். அதனால் பெரிய விமானம் ஓட்டிப் பழகியவருக்கு இது சுலபமாக வரும் என்பதும் சரியல்ல. பழைய பழக்கம் கையில் இருப்பதால் அவர் புதியவரைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஏன் இப்படி? தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கிளையில் தூளி தொங்குவது போல இறக்கைக்குக் கீழே வண்டி ஒரே ஒரு புள்ளியில் தொங்குகிறது. குறுக்குக் கம்பி இறக்கையோடு சேர்ந்தது. நீங்கள் கம்பியை வலப்பக்கம் தள்ளும்போது உண்மையில் நகர்வது உங்கள் எடை, இடப்பக்கமாக. எடை போன பக்கம் இறக்கை சாயும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும்.

எனக்கு முதல் பாடம் நடந்தபோது ஆயிரத்து ஐந்நூறு அடியில் இருந்தோம். இடப்பக்கம் தெரிந்த தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பு என்றார் பயிற்றுநர். கம்பியை இடப்பக்கம் தள்ளினேன். இறக்கை மெதுவாக வலப்பக்கம் சாய, கோபுரம் என் பார்வையிலிருந்து விலகிப் போனது. ஹெட்செட்டில் அவர் குரல் நிதானமாக வந்தது: "கம்பியை மறந்துவிடு. உன் உடம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் நினை." அடுத்த முறை சரியாக வந்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பாடத்தின் முதல் கால் மணி நேரம் வீணாகாது.

நம்பிக்கை: சுவர் இல்லாததால் தலைசுற்றும், விழுந்துவிடுவோம்.

பெல்ட் போட்ட ஆள் விழமாட்டார். தலைசுற்றல் ஆளுக்கு ஆள் மாறும். மாடி விளிம்பில் நிற்க அஞ்சும் என் நண்பர் ஒருவர் இதில் நிம்மதியாக உட்கார்ந்து வந்தார். காலிலிருந்து தரைவரை இறங்கும் சுவர் எதுவும் கண்ணில் படாததே காரணம் என்றார். எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று உறுதி தர மாட்டேன். உண்மையான ஆபத்து சட்டைப்பையில் இருக்கிறது. புரொப்பெல்லர் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. நழுவும் கைப்பேசி, கையுறை, கழுத்துத்துண்டு எல்லாம் நேராக அதை நோக்கித்தான் போகும். எல்லாப் பைகளுக்கும் ஜிப் போடச் சொல்வது இதனால்தான். குளிரையும் குறைத்து எடைபோடாதீர்கள். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வெப்பம் குறையும், அதன்மேல் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும்.

நம்பிக்கை: இது ஒரு உல்லாசச் சவாரி, நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

பிரிட்டனில் மைக்ரோலைட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை உல்லாசமாக ஏற்றிச்செல்ல அனுமதி இல்லை. கட்டணத்துக்குப் பாடம் நடத்தலாம். சீட்டில் 'பாடம்' என்று அச்சாகியிருப்பது அதனால்தான். கம்பி உங்கள் கைக்கு வரும். அந்த நேரம் பதிவேட்டில் ஏறும். தொடர்ந்து கற்க நினைத்தால் உரிமத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச 25 மணி நேரத்தில் அதுவும் சேரும். அந்த 25இல் 10 மணி நேரம் தனியாகப் பறக்க வேண்டும்.

உரிமமே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் அமெரிக்கச் சட்டத்தைச் சொல்கிறார். அங்கே 254 பவுண்டுக்குக் குறைவான ஒற்றை இருக்கை வண்டிக்கு 1982 முதல் உரிமம் தேவையில்லை. பிரிட்டனில் ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுக்கும் உரிமம் வேண்டும்.

அண்ணி கேட்காத ஒன்றை நானே சொன்னேன். எடையை உள்ளபடி சொல்ல வேண்டும். பல வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பு 450 கிலோவுக்குள். வண்டி 200 கிலோவைத் தாண்டும், பயிற்றுநர், எரிபொருள் என்று கூட்டிப் பார்த்தால் மீதி அதிகமில்லை. வெட்கப்பட்டு யாரும் பத்து கிலோவைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

மற்றொன்று வானிலை. முதல் சனிக்கிழமை அண்ணன் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தபோது காற்று பலமென்று ரத்து செய்தார்கள். இரண்டாம் வாரமும் அப்படியே. "காசைப் புடுங்கிட்டு ஏமாத்தறாங்க" என்று அண்ணி கோபப்பட்டார். ஏமாற்று இல்லை. பலமான காற்று இல்லாவிட்டாலும் நண்பகல் வெயிலில் நிலம் சூடேறிக் காற்று மேலெழும், இலேசான வண்டி அதில் குலுங்கும், கற்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. காலையும் மாலையும்தான் முதல் பாடத்துக்கு ஏற்ற நேரம். மூன்றாம் வாரம் மாலை ஆறரைக்கு அண்ணன் பறந்தார், பதிவேட்டில் ஐம்பத்தைந்து நிமிடம் ஏறியது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தச் சீட்டு வந்திருந்தால் ஒரு வேண்டுகோள். "இன்று வேண்டாம்" என்று களத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர்களோடு வாதாடாதீர்கள். அடுத்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.