எண்ணெய் படிந்த நிலத்தைச் சீர்திருத்துதல்

2017-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி தஞ்சாவூர் ஜில்லா கதிராமங்கலத்தில் நிலத்தடிக் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. குழாய் செல்லாத ஊர்களிலும் என்ஜின் கொட்டகையில் டீசல் பீப்பாய் கவிழ்வதுண்டு. அவ்விதம் கெட்ட மண்ணை எரிக்கலாம், புதைக்கலாம், நீர் பாய்ச்சிக் கழுவலாம் எனப் பலர் கருதுகின்றனர். மூன்றும் தவறு. எரித்தால் மண்ணின் வளம் அழியும். புதைத்தால் கிணற்று நீர் கெடும். கழுவினால் கெடுதி அடுத்தவர் வயலைச் சேரும்.

எண்ணெயை உண்டு ஜீவிக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உள்ளன. சூடோமோனாஸ் என்பது அவற்றுள் ஓர் இனம். அவை எண்ணெயைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைக்க வல்லவை. ஆயின் எண்ணெயில் கரி மிகுதி; தழைச்சத்தும் பாஸ்பரஸும் மிகச் சொற்பம். மண்ணின் துவாரங்கள் அடைபடுவதால் பிராணவாயுவும் குறைகிறது. சோறு குவிந்திருந்தும் தொட்டுக்கொள்ள ஏதுமின்றி உண்ணமாட்டாதவன் நிலையில் அவை இருக்கின்றன. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பலின் எண்ணெய் படிந்த கடற்கரையில் இச்சத்துக்களை இட்டபோது எண்ணெய் விரைந்து சிதைந்தது.

செய்யவேண்டிய முறை பின்வருமாறு:

1. கசிவை நிறுத்தி, சுற்றிலும் வரப்புக் கட்டி, தேங்கிய எண்ணெயை முகந்தும் மரத்தூளில் ஒற்றியும் அகற்றுக. கச்சா எண்ணெயாயின் நெருப்பை அண்டவிடாமல், அதிகாரிகளுக்கு உடனே அறிவித்து விலகி நிற்க.

2. அபாயம் நீங்கியபின் நிலத்தை அரையடி ஆழம் உழுக. பதினைந்து நாளுக்கொருமுறை மறு உழவு செய்க.

3. கரி 100 பங்குக்குத் தழைச்சத்து 10 பங்கும் பாஸ்பரஸ் 1 பங்கும் வேண்டும். மண்ணில் 100 கிலோ எண்ணெய் தங்கியிருப்பின் யூரியா 18 கிலோவும் சூப்பர் பாஸ்பேட் 12 கிலோவும் ஏறத்தாழப் போதும். நாலு தவணையாக இடுக. மக்கிய தொழு எருவும் நன்மை தரும்.

4. பிடித்தால் உருண்டையாய் நிற்குமளவு ஈரம் காக்க. நீர் தேக்கலாகாது; தேங்கினால் காற்றின்றி வேலை தடைப்படும்.

இலேசான எண்ணெய் சில மாதங்களில் சிதையும். தார் போன்ற பகுதி நெடுநாள் நிற்கும். எண்ணெயோடு வந்த உப்பையும், பழைய என்ஜின் எண்ணெயிலுள்ள உலோகங்களையும் பாக்டீரியா சிதைக்கமாட்டா. ஆதலின் மண்ணையும் அருகிலுள்ள கிணற்று நீரையும் பரீட்சித்த பின்னரே உணவுப் பயிர் வைத்தல் வேண்டும்.

கெடுதி பிறரால் நேர்ந்ததாயின், உழுமுன் கிராம அதிகாரிகள் சர்வே நம்பர், விஸ்தீரணம், தேதி ஆகியவற்றைக் குறித்து மண் மாதிரி எடுத்து வைப்பாராக. நிலம் திருந்தியபின் நஷ்டத்தை ரூபிக்க வேறு சாட்சி கிடைப்பது அரிது.