விமானிப் பயிற்சி எங்கே? ஆவணங்களை முன்வைத்துத் தெரிவுசெய்ய ஒரு வழிகாட்டி

வினாயகபுரத்திலோ திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை விமானியாக வேண்டும் என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி “எவ்வளவு முடியும்?” என்பதுதான். காணியை விற்றோ வெளிநாட்டு உறவினரிடம் கேட்டோ திரட்டும் காசு அது, கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று: பயிற்சி முடிந்து கையில் கிடைக்கும் அனுமதிப்பத்திரம் எந்த நாட்டினது, அந்த நாட்டில் இந்தப் பிள்ளைக்கு வேலை செய்யும் உரிமை உண்டா? கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை, இந்தியா, அமெரிக்கா ஆகிய மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டே எடைபோட வேண்டும். பறப்பு மணித்தியாலக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு எடுக்கும் முடிவு, ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் போய்த் தடுக்கி நிற்கும்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையும், அதன் முதலாவது இணைப்பும் விமானிகளுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்துள்ளன. தனியார் விமானி அனுமதிப்பத்திரமான பிபிஎல்லுக்கு வயது 17, பறப்பு 40 மணித்தியாலம். வணிக விமானி அனுமதிப்பத்திரமான சிபிஎல்லுக்கு வயது 18, பறப்பு 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பாடநெறியாகப் பயின்றால் 150 போதும். இதனால்தான் “எங்கே எடுத்தாலும் உலகம் முழுக்கச் செல்லும்” என்ற பேச்சு பரவியிருக்கிறது. உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. அதன் 32ஆம் உறுப்புரையின்படி, சர்வதேசப் பறப்பில் ஒரு விமானத்தை ஓட்டுபவரிடம் அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய, அல்லது செல்லுபடியாக்கிய, அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இலங்கையில் பதிவான விமானத்தை ஓட்டுவதற்கு இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் ஒப்புதல் வேண்டும் என்பதே இதன் பொருள். பிற நாட்டுப் பத்திரம் அந்த ஒப்புதலைக் கேட்பதற்கான ஆதாரம் மட்டுமே.

இரத்மலானையின் பலம் இங்கேதான். இலங்கையின் பறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் அங்கேயே இயங்குகின்றன. அனுமதிப்பத்திரம் வழங்குவது 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. பயிற்சியும் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் ஒரே ஆட்சிக்குள் முடிவதால் வீசாவோ அனுமதிப்பத்திர மாற்றமோ தேவையில்லை. நம் கிழக்குக் கரையிலிருந்து போகும் பிள்ளைக்குக் கொழும்பில் தங்கும் செலவு சேரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் மட்டக்களப்பு விமான நிலையம் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டிருந்தாலும், பயிற்சிக்குப் பெரும்பாலும் மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பள்ளியைத் தெரிவுசெய்யும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட, அதன் அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம், எந்தத் திகதிவரை என்று அதில் இருக்கும். பிபிஎல்லுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்துவிட்டு 150 மணித்தியாலச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இந்தியா மொழியாலும் பண்பாட்டாலும் அருகில் தெரிந்தாலும், ஆவணத்தில் தூரம் அதிகம். வெளிநாட்டு மாணவருக்குப் பயிற்சிக்கு முன்பே பாதுகாப்பு அனுமதி தேவை. பள்ளிப் படிப்பில் பௌதிகமும் கணிதமும் இருக்க வேண்டும் என்பது அங்கே நீண்டகால விதி. உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்குப் பௌதிகம் இருந்தாலும், பொதுவாகக் கணிதம் இருக்காது. அந்த விதியின் இன்றைய நிலையைச் சேருமுன் அறிந்துகொள்வது அவசியம். மணித்தியாலக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. சிக்காகோ உடன்படிக்கையின் முதலாவது இணைப்பு, தலைமை விமானியாக ஊர்விட்டு ஊர் பறந்த 20 மணித்தியாலத்தைக் கேட்கிறது; இந்தியா 50 கேட்கிறது. ஓரிடத்தில் நிறைவான பறப்புப் பதிவேடு, இன்னோரிடத்தில் 30 மணித்தியாலம் குறைந்து நிற்கும்.

அமெரிக்காவில் ஒரே சிபிஎல்லுக்கு இரு பாதைகள் உள்ளன: விமானப் போக்குவரத்து விதிகளின் 61ஆம் பகுதியின் கீழ் 250 மணித்தியாலம், 141ஆம் பகுதிப் பள்ளியில் 190. வெளிநாட்டு மாணவர் ஐ-20 படிவம் தரும் உரிமையுள்ள பள்ளியில் இடம் பெற்று, பொதுவாக எம்-1 வீசா எடுத்து, போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் பின்னணிச் சோதனையையும் கடந்த பிறகே பறக்கத் தொடங்கலாம். விமானங்கள் ஏராளம் என்பதால் மணித்தியாலங்கள் விரைவாகச் சேரும். ஆனால் அந்தச் சிபிஎல் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. ஊர் திரும்பினால் மாற்றத்துக்கான பரீட்சைகளும் சோதனைகளும் காத்திருக்கும்.

“மாற்றத்துக்கு நாலு பரீட்சைதானே, அதையும் சேர்த்தாலும் வெளிநாடு மலிவு” என்று சிலர் வாதிடுவார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ நிரந்தர வதிவிடம் கிடைக்கப்போகும் பிள்ளை, அங்கேயே பயின்று அந்த நாட்டுப் பத்திரத்தை எடுப்பதே சரி. அப்படி உறுதியில்லாதவருக்குக் கணக்கு வேறு. மாற்றத்துக்கான கட்டணம், மீண்டும் ஒரு பறப்புச் சோதனை, இடையில் வேலையில்லாத மாதங்கள் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே மலிவு என்று சொல்ல வேண்டும். எந்தெந்தப் பரீட்சை, எந்தெந்தச் சோதனை என்பதைப் புறப்படும் முன் நம் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. முகவரின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.

“நன்றாக ஓட்டத் தெரிந்தால் போதாதா, தாள் எதற்கு?” என்ற கேள்விக்கு 2020ஆம் ஆண்டு பதில் சொன்னது. அந்த ஜூன் மாதம் பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர், நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் அனுமதிப்பத்திரங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டின் தேசிய விமான நிறுவனத்தைத் தன் வானில் பறக்கவிடாமல் நிறுத்தியது. 2024 நவம்பரில்தான் தடை நீங்கியது. வியட்நாம் தன் நாட்டில் பணியாற்றிய பாகிஸ்தான் விமானிகளை இறக்கியது. ஒழுங்காகப் படித்து எழுதி ஓட்டியவர்களும் அதில் அகப்பட்டார்கள். பயணியருக்கும் விமான நிறுவனத்துக்கும் விமானியின் திறமை நேரில் தெரிவதில்லை, தாள்தான் தெரிகிறது. வழங்கிய அதிகாரசபையின் நம்பகமும் பள்ளியின் நேர்மையும் அந்தத் தாளின் மதிப்பில் சேர்ந்திருக்கின்றன. பறக்காத மணித்தியாலத்தை எழுதித் தருவதாகச் சொல்லும் இடத்தை விட்டு அன்றே விலக வேண்டும்.

எந்த வழியானாலும் சில வேலைகள் காசு கட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். முதலாவது, முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். பார்வை, நிறம் பிரித்தறிதல், செவிப்புலன் ஆகியவற்றில் சிக்கல் இருந்தால், கட்டணம் கட்டிய பிறகு தெரியவருவதைவிட முன்பே தெரிவது பெரும் நிம்மதி. இரண்டாவது, பெயரும் ஆவணங்களும். தகப்பன் பெயர் முன்னா பின்னா, முஹம்மதா மொஹமட்டா என்பது பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயரே வினாயகபுரம், விநாயகபுரம் என இரு விதமாக எழுதப்படுகிறது. பிறந்த இடத்தின் எழுத்தையும் ஒப்பிட வேண்டும். வீசாவுக்கு நிதிச் சான்றாகக் காணி உறுதி கேட்கப்படலாம். 2004 சுனாமியில் உறுதிகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் பிரதிகளை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். மூன்றாவது, ஆங்கிலம். சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சி வேண்டும். அந்நிலையில் உள்ளவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுவது வழக்கம். தமிழ் மொழிமூலத்தில் படித்தது இதற்குத் தடையல்ல. ஆனால் வானொலிப் பேச்சைச் சேர்வதற்கு முன்பே பழகத் தொடங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், வேறு நாட்டில் வாழும் உரிமை உறுதியாகாத கரையோரப் பிள்ளைக்கு இரத்மலானையே முதல் தெரிவு. காசைப் படிப்படியாகச் செலுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்கி, ஒவ்வொரு மாதமும் பதிவேட்டில் பயிற்றுநரின் கையொப்பத்தைச் சரிபார்த்து, பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். காணி விற்ற காசு பதிவேட்டில் ஒவ்வொரு மணித்தியாலமாகத்தான் மாறுகிறது. அந்தப் பக்கங்களைப் பாதுகாப்பது அந்தக் காணியையே பாதுகாப்பதற்குச் சமம்.